நீர்மட்டப் பதிவு

காலை ஆறு மணி வாசிப்பு.
அளவுப் பலகையில் தண்ணீர்
பதினெட்டடி மூன்றங்குலம் என்கிறது.
நான் கொப்பியில் குனிவதற்குள்
பதினெட்டடி ஏழு என்கிறது.
இரண்டும் பொய்யில்லை.
ஏறினதையும் இறங்கினதையும் பத்துத் தரம் பார்த்து
நடுவை எழுதச் சொல்கிறது திணைக்களம்.
ஐந்து என்று எழுதுகிறேன்.
நான் பார்த்த நேரத்தில் தண்ணீர்
ஐந்தில் நின்றதேயில்லை,
ஐந்தைக் கடந்து கடந்து போனது.

முத்தையன்கட்டு, தை மாதம்.
துருசுக் கதவுக்குக் கிறீஸ் பூச இறங்கிய
விமலகாந்தனின் இடது செருப்பு நழுவி விழுந்தது.
நீலப் பட்டி, றப்பர்,
போன கிழமை முள்ளியவளையில் வாங்கியது.
"அலை கரைக்குத்தானே வருது, மிஸ்,
கொண்டுவந்து தரும்" என்று
குளக்கட்டில் குந்திக்கொண்டான்.

இங்கே காற்றில்லை.
மருத மரத்தில் ஒரு இலை ஆடவில்லை.
அக்கரையில் எங்கோ வாடை வீசுகிறது,
அதன் சேதி மட்டும் வருகிறது,
இரண்டு செக்கனுக்கு ஒன்றாக.
அரை மணித்தியாலத்தில்
எண்ணூறு அலையாவது வந்திருக்கும்.
செருப்பு வரவில்லை.
அலை அடியில் நுழைய எழும்பும்,
கொஞ்சம் எங்கள் பக்கம் சாயும்,
பிறகு தாழும்,
சாய்ந்த அளவு பின்வாங்கும்,
ஒரே இடத்தில் சின்ன வட்டம் கீறியபடி.

வருவது தண்ணீரில்லை, விமலகாந்தன்.
அங்கே காற்றுத் தட்டின தட்டை
ஒரு தண்ணீர் மறு தண்ணீருக்குச் சொல்லி
அது அடுத்ததற்குச் சொல்லி
இந்தக் கல்லில் வந்து மோதுகிறது.
சொன்ன தண்ணீர் சொன்ன இடத்திலேயே நிற்கிறது.

"அப்ப என்ர செருப்புக்கு ஆர் சொல்லுறது?"

அலைகரைக்குக் கிட்ட ஆழம் குறைய
அலைக்குக் கால் தட்டுப்படும்.
தட்டுப்பட்ட பக்கம் பிந்த
ஆழத்துப் பக்கம் முந்தித் திரும்பும்.
எந்த மூலையால் புறப்பட்டாலும்
கடைசியில் கரையை
நேருக்கு நேர் பார்த்தே வருகிறது.
கல்லடுக்கில் பட்டதும் திரும்பிப் போகிறது.
போவதும் வருவதும் முட்டும் இடத்தில்
மேடும் மேடும் கூடினால் இரட்டை மேடு.
மேடும் பள்ளமும் கூடினால்
ஒரு கணம் வெறும் தட்டை,
ஒன்றுமே நடக்காததுபோல.
அடுத்த கணம் இரண்டும் வெளியே வந்து
ஒரு கீறலும் இல்லாமல்
அததன் வழியே போகின்றன.

தட்டையான தண்ணீரை நான் நம்புவதில்லை.

பதினொரு வயதில், பங்கருக்குள்,
எண்ணப் பழகினேன்.
முதலில் வெளிச்சம், பிறகு சத்தம்.
மூன்று எண்ணினால் ஒரு கிலோமீற்றர் என்பது
பிறகு படித்தது.
அப்போது தெரிந்ததெல்லாம்
நேற்று ஒன்பது,
இன்று ஆறு.
இப்போதும் மின்னினால் வாய் எண்ணுகிறது,
நான் கேட்காமலே.

விமலகாந்தன் எழும்பினான்.
"ஒற்றைச் செருப்பால என்ன பிரயோசனம்,
எடுக்கிறவனுக்குச் சோடியாக் கிடைக்கட்டும்"
வலதையும் கழற்றி எறிந்தான்.
விழுந்த இடத்திலிருந்து வட்டங்கள் விரிந்து
வருகிற அலைகளை ஊடறுத்துப் போயின.

இடதுக்கும் வலதுக்கும் நடுவே
சரியாக அரை அலைநீளம்.
தற்செயல்தான்.
இடது ஏற வலது தாழ்ந்தது.
வலது ஏற இடது தாழ்ந்தது.
யாரோ நடக்கிறார்கள்.
நின்ற இடத்திலேயே,
அவசரமில்லாமல்,
தண்ணீருக்கு மேல்,
கால்கள் இல்லாமல்.

சிரிக்கத் தொடங்கினவன் நிறுத்திக்கொண்டான்.
நான் எதையும் விளக்கவில்லை.
பிறகு சரளைக் கல்லில் வெறுங்காலோடு
நொண்டி நொண்டித் துருசுப் பக்கம் போனான்.

ஏழு மணிக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு.
கட்டின் உச்சியில் நின்றால்தான்
இரண்டு கோடு சிக்னல்.
"எத்தனை, மிஸ்?"
பதினெட்டடி ஐந்து.
"கூடுதோ, குறையுதோ?"

நான் குளத்தைப் பார்த்தேன்.
ரெண்டும்தான் என்றேன்.