இரண்டே முக்கால் மீட்டர்

வூப்பர்டாலில் வீடு மாறுகிறவர்கள்
சமையலறையையும் கழற்றிக்கொண்டு போகிறார்கள்.
விட்டுப்போவது இரண்டு குழாய் வாய்,
அடுப்புக்கான கம்பி நுனி.
எனக்கும் அப்படித்தான் தந்தார்கள்,
பத்தொன்பது வருஷம் முன்பு.
அப்படியே திருப்பித் தரவேண்டும் என்று
ஒப்பந்தத்தில் இருக்கிறது.

காலை ஏழரைக்கு மிர்கோ வந்தான்.
மணிக்கு இருபத்தெட்டு யூரோ, வேன் தனி.
முதலில் கதவுகள் என்றான்.
கீலில் ஓர் அழுத்து,
கதவு அவன் தோளில் சாய்ந்தது
தூங்கிப்போன பிள்ளை மாதிரி.
பதினோரு கதவு.
ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்டுத்தாளில் எண் எழுதினேன்.
ஏழு இரண்டு முறை வந்துவிட்டது.
ஒன்றை ஏழு-அ ஆக்கினேன்.

திருகாணிகள் தயிர் டப்பாவில்.
இழுப்பறைத் தண்டவாளங்கள் பழைய காலுறையில்.
பெட்டிகளைத் தூக்கியதும்
காலடியில் மடித்த அட்டைத் துண்டுகள்:
தரை சரிந்த வீடு இது,
ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும்வரை
ஹோல்கர் ஒரு ஞாயிறு முழுக்க மண்டியிட்டுச் செருகியவை.
அதில் ஒன்று பல் மருத்துவர் அனுப்பிய அட்டை,
என் பெயருக்கு, ஒரு செவ்வாய்க்கிழமைக்கு.
நான் போகவில்லை.
அந்தப் பல்லை அப்புறம் பிடுங்கிவிட்டார்கள்.

பெட்டிகள் ஒழுங்காய் இறங்கின.
மேடைப் பலகைதான் மாட்டிக்கொண்டது,
மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே, திருப்பத்தில்.
நிறுத்தினால் மேலே இடிக்கிறது.
படுக்கவைத்தால் லிஃப்ட் கூண்டு.
ஏறி வந்ததுதானே, இறங்காதா என்றேன்.
அப்போது லிஃப்ட் இருந்ததா என்றான் மிர்கோ.

இல்லை.
லிஃப்ட் வேண்டுமென்று எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.
முதல் நாள்
வேலை ஒன்றும் இல்லாமல்
நான்குமுறை ஏறி இறங்கினேன்.
படிக்கட்டில் எவ்வளவு மிச்சம் என்று
ஒருவரும் அளக்கவில்லை.

சலவைக் கூடையோடு மேலே வந்த திருமதி யில்டிரிம்
தாண்ட வழியில்லாமல் படியிலேயே உட்கார்ந்தாள்.
ஜன்னல் வழியாக?
கிரேன் நானூறு யூரோ, பலகை அவ்வளவு பெறாது, என்றான்.
பலகையின் நீளம் இரண்டே முக்கால்.
புது வீட்டுச் சுவர், ரெனாட்டே?
இரண்டு பத்து.
அப்படியானால் எப்படியும் வெட்டத்தானே வேண்டும்,
என்றாள் அவள்,
ஒரு தலையணை உறையை மடித்தபடி.

மிர்கோ பென்சிலை என்னிடம் நீட்டினான்.
இடது பக்கம்
வாணலி சுட்ட வட்டம், பீட்ரூட் கறை,
தொட்டிக்கான ஓட்டையும் அங்கேதான்.
வலது பக்கம் பழுதில்லை,
தேன் நிறம் மாறவில்லை,
அங்கே ரொட்டி மட்டும்தான் வைத்தோம்.
தொட்டி இல்லாமல் முடியாது.
ஆகவே கறை என்னோடு வரும், நல்லது போகும்.
அறுபத்தைந்து சென்டிமீட்டர் அளந்து கோடு போட்டேன்.
கை நடுங்கவில்லை.
கோடு கொஞ்சம் கோணல், அது வேறு.

மின்சாரம் யில்டிரிம் வீட்டிலிருந்து.
ரம்பம் நுழைந்ததும் தெரிந்தது
மேலே ஒரு நகத்தடி ஓக்,
உள்ளே முழுக்க மரத்தூளும் பசையும்.
பத்தொன்பது வருஷம்
ஓக் என்று நினைத்து எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறேன்.
மிர்கோ சிரிக்கவில்லை. எல்லாம் இப்படித்தான், என்றான்.

வெட்டிய துண்டை
திருமதி யில்டிரிம் கேட்டு வாங்கிக்கொண்டாள்,
பால்கனியில் தக்காளிச் செடி வைக்க.
மழை பட்டால் ஊதிவிடும் என்றேன்.
ஊதட்டும் என்றாள்.

எல்லாம் ஏற்றியாயிற்று.
சாவியை எடுக்க மேலே போனால்
கதவில் அந்த அட்டை தொங்குகிறது:
இந்த வாரம் படிக்கட்டு உங்கள் முறை.
விடுங்கள், நான் பெருக்கிக்கொள்கிறேன், என்றாள்.
வியாழன்வரை வாடகை கொடுத்திருக்கிறேன், என்றேன்.

துடைப்பம் வேனில், அடியில், எங்கோ.
அவளுடையதை வாங்கி
மேலிருந்து ஆரம்பித்தேன்.
என் மேடையின் தூள் படிக்குப் படி பறந்து
பெருக்கிய படியிலேயே மறுபடி உட்கார்ந்தது.
கீழே ஹாரன்.
மணிக்கு இருபத்தெட்டு யூரோ.
நான் இன்னும் இரண்டாம் மாடியில்.