வாகனத்தின் வகை

முதல் படிவத்தின் மூன்றாம் கேள்வியிலேயே
பேனா நின்றுவிட்டது.
வாகனத்தின் வகை: கப்பல் / விமானம்.
பொருந்தாததை அடிக்கவும்.

துறைமுக அலுவலகத்தில்
இறக்கை இருக்கிறதே என்றார்கள்.
விமானத் துறையில்
அடியில் தோணி மாட்டியிருக்கிறதே என்றார்கள்.
இரண்டுக்கும் நடுவே, ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில்
பருத்திப்பால் ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்
எதையும் அடிக்காமல்.

மண்டபத்தில், ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்
தகரக் கொட்டகையில் நிற்கிறது அது.
பன்னிரண்டு இருக்கை.
பாலித்தீன் உறை இன்னும் பிரிக்கவில்லை.

கேப்டன் முஹ்சின் கீழக்கரைக்காரர்.
மாலத்தீவில் ஒன்பது வருடம்
தண்ணீரில் இறங்கி ஏறியவர்.
"அங்கே பாறையே சுவர் எடுத்து வைத்திருக்கும்.
உள்ளே கடல், தட்டில் ஊற்றிய கஞ்சி.
இங்கே கச்சான் விட்டால் வாடை,
வாடை விட்டால் கச்சான்."

கச்சானில் தெற்குக் கடல் ஆகாது.
வாடையில் வடக்குக் கடல் ஆகாது.
சரி, இரண்டிலும் இறங்குதளம் என்றேன்.
அப்படியானால் இரண்டு விண்ணப்பம் என்றார்கள்.
தெற்கே பவளப்பாறைக்குப் பதில் சொல்ல வேண்டும்,
வடக்கே ஆவுளியா மேயும் கடற்புல்லுக்கு.
தண்ணீருக்குள் உங்கள் சத்தம் எவ்வளவு கேட்கும்
என்று கேட்டார் வனத்துறைப் பெண் அதிகாரி.
நியாயமான கேள்வி.
அதற்கொரு ஆய்வு; ஆய்வுக்கொரு அனுமதி;
அனுமதிக்கு, வாகனத்தின் வகை.

கருத்துக் கேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில்.
முந்தின நாள் முகூர்த்தத்தின் ரோஜா இதழ்
நாற்காலிக்கடியில்.
திரையில் நீலம். நீலத்தில் மஞ்சளாய் ஒரு கோடு:
ஆயிரத்து இருநூறு மீட்டர், ஓடுபாதை.
பாம்பன் இன்னாசிமுத்து எழுந்து வந்து
திரைக்கு முன்னால் நின்றார்.
"வெறுந்தண்ணின்னு போட்டிருக்கீக."
விரலை வைத்தார்.
"இது ஒத்தமரப் பார். இங்கிட்டு சீலாக் கெடங்கு.
இது எங்க சின்னையா வலை கிழிஞ்ச எடம்,
அதுக்கும் பேரு இருக்கு, பொம்பளைக இருக்காக, சொல்லல."
அவர் விரலின் நிழல்
என் விமானத்தைவிடப் பெரிதாய் விழுந்தது.

பாசி வளர்க்கும் சண்முகக்கனி
டிக்கெட் விலை மட்டும் கேட்டாள்.
நாலாயிரத்து எண்ணூறு என்றேன்.
உதடு அசைய ஏதோ கணக்குப் போட்டாள்.
"காத்துக்கே எங்க மூங்கி மெதவை அத்துக்கிட்டுப் போவுது.
ஒங்க காத்தாடிக்கும் சேத்துக் கட்ட
கயிறு யாரு வாங்குவா?"
கயிறு எந்தச் செலவுத் தலைப்பிலும் இல்லை.
குறித்துக்கொண்டேன்.

உச்சிப்புளியிலிருந்து கடற்படைக் கடிதம்:
ஒவ்வொரு பயணத்துக்கும் ஐந்து நாள் முன்னறிவிப்பு.
காற்று எனக்கு ஐந்து மணி நேரம்கூடச் சொல்லாது
என்றார் முஹ்சின்.

இன்சூரன்ஸ்காரன் கேட்கிறான்:
விபத்து நேர்ந்தால்
அது கடலிலா, வானிலா?
டீக்கடையில் இதைச் சொன்னபோது
இன்னாசிமுத்து சிரிக்கவில்லை.
"எதுல விழுந்தாலும்
தூக்க வர்றது எங்க வள்ளந்தான்.
அத எழுதிக்க."
எழுதினேன். எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை.

சனிக்கிழமைதோறும்
உப்பு தின்னாமலிருக்க
இன்ஜினை ஓட்டிப் பார்க்கிறோம்.
பிறகு பூமிநாதன் நல்ல தண்ணீரில் கழுவுகிறான்.
நாற்பது குடம். குடம் பன்னிரண்டு ரூபாய்.
தெருவில் டேங்கருக்கு நிற்கும் பெண்கள்
பறக்காத ஒன்று குளிப்பதைப் பார்க்கிறார்கள்.
யாரும் எதுவும் சொன்னதில்லை.
போன வாரத்திலிருந்து
கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டுக் கழுவச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்.
இவ்வளவுக்குப் பிறகும்
அந்த விசிறி சுழன்று தகரம் அதிரும்போது
என் முழங்கால் முன்னால் நகர்கிறது.

குறிப்பேட்டில் என் கையெழுத்து:
ஓட்டிய நேரம் பதினோரு நிமிடம்.
சென்ற தூரம் –
அந்தக் கட்டத்தை மட்டும்
முஹ்சின் காலியாய் விடச் சொல்கிறார்.
சுழியம் போடாதே என்கிறார்.