ஐம்பது ஹெர்ட்ஸ்

சீட்டா கேம்ப், டி செக்டார், ஏழாவது சந்து.
பல்கீஸ் அக்கா வீட்டில்
சிவப்பு ஃபிரிட்ஜ் ஒன்று இருந்தது.
பதினெட்டில் பதினொரு தவணை கட்டியாயிற்று.
கதவில் மகளின் பரீட்சை அட்டவணை,
அதைப் பிடித்திருக்கும் காந்தம் ஒரு பிளாஸ்டிக் மாம்பழம்.

இயக்குநர் பர்வே நல்லவர்.
இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.
கிரேன் வேண்டாம், பின்னணி இசை வேண்டாம் என்றவர்.
குழாயடிச் சண்டைக்குக்
குழாயடிப் பெண்களையே கூப்பிட்டு
நாள்கூலியில் ஒரு ரூபாய் குறையாமல் கொடுத்தவர்.
எங்களோடு தரையில் அமர்ந்து வடா பாவ் தின்றார்.
பிறகு கேமராவில் கண் வைத்து
வெகுநேரம் கழித்துச் சொன்னார்:
"அது இருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்."

அது என்றால் ஃபிரிட்ஜ்.

குழுவில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்.
ஒலி என் வேலை; அன்று நாக்கும்.
பர்வே சொன்னது:
இந்த வீட்டின் வறுமையை அது கெடுக்கிறது.
நான் அக்காவிடம் சொன்னது:
"கதவு மினுங்குதுக்கா, கேமராவுக்குக் கண்ணு கூசுது."
உண்மையைத் தேடி வந்த படத்தின் முதல் வசனம்
அப்படித்தான் பேசப்பட்டது,
மைக் இல்லாமல்.

நான்கு பேர் தூக்கினோம்.
சந்து ஒன்றரை ஆள் அகலம்.
பக்கத்து வீட்டு சிக்கந்தர் ஸ்கூட்டரை நகர்த்தி இடம் கொடுத்தான்.
உள்ளே அரைத்த மாவு எட்டுக் கிலோ,
மறுநாள் காலை ஆர்டர்.
"சீக்கிரம் முடிச்சிருவாங்கள்ல?"
முடிச்சிருவாங்கக்கா.

அது நின்ற இடத்தில்
தரை வேறு நிறத்தில் சதுரமாக விழித்தது.
அங்கே ஒரு பானை வைத்தார்கள்.
கும்பார்வாடாவில் காலையில் வாங்கியது.
கலை உதவியாளன் கரித்தூள் தேய்த்து
கால் மணி நேரத்தில் அதற்கு இருபது வயதாக்கினான்.
அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"நாங்க பானையில தண்ணி வச்சதே இல்லையே தம்பி."
இதை நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

நாயகி மொண்டு குடித்தாள்.
ஒன்பது டேக். ஒன்பதும் அழகு.
தோளில் சுமந்த கேமரா, ஜன்னல் வெளிச்சம்,
நிஜ வியர்வை, நிஜ ஈ.
மாலை ஐந்துக்கு மாவு பொங்கி
கதவிடுக்கில் வழிந்து
சந்தெல்லாம் புளித்த வாசம்.
வாசம் பதிவாகாது.
அது எங்கள் தொழிலுக்கு ஒரு வசதி.
தயாரிப்பு மேலாளர் எண்ணூறு கொடுத்தார்,
வவுச்சரில் 'இதர செலவு'.

கிளம்பும்முன்
அறையின் மௌனத்தை ஒரு நிமிடம் எடுக்க வேண்டும்.
ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மௌனம் உண்டு;
வெட்டிய இடங்களுக்கு ஒட்டுப்போட அதுதான் துணி.
யாரும் அசையாதீர்கள் என்றேன்.
ஃபிரிட்ஜ் உள்ளே வந்துவிட்டிருந்தது.
சுவிட்சின் மேல் விரலை வைத்தபடி
நிறுத்தவா என்று அக்கா கண்ணால் கேட்டாள்.
வேண்டாம் என்று தலையசைத்தேன்.
ஏனென்று இன்றைக்கும் சரியாகத் தெரியாது.

அந்தேரியில் ஒலிக்கலவை.
பர்வே ஹெட்ஃபோனை அழுத்திக்கொண்டார்.
"அடியில் ஏதோ முனகுகிறதே."
ஐம்பது ஹெர்ட்ஸ். அதற்கு மேல் மெல்லியதாக நூறு.
ஒரு பொத்தான் போதும், நரம்பு மாதிரி உருவி எடுத்துவிடலாம்.
தெரு டிரான்ஸ்ஃபார்மர் சார், என்றேன்.
"நிஜமாக இருக்கிறது," என்றார். "இருக்கட்டும்."

நாற்பத்து மூன்றாம் நிமிடம்.
வறுமைப்பட்ட ஒரு வீட்டில் ஒரு பெண் தண்ணீர் குடிக்கிறாள்.
நல்ல ஸ்பீக்கர் இருந்தால் கேளுங்கள்,
அந்தப் பானை மின்சாரத்தில் ஓடுகிறது.

இதை என் நியாயம் என்று
நான் சொல்லிக்கொள்ளலாம்.
சொல்லியும் இருக்கிறேன், ஓரிரு குடிமேசைகளில்.
ஆனால் மாவு கிலோ நூற்றிருபது.
எட்டுக் கிலோ.
கணக்கில் இன்னும்
நூற்றறுபது ரூபாய் இடிக்கிறது.