நிர்வாகி

ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருக்கும் தீர்த்தகிரி வீட்டுக்கு
எட்டு ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டிக் கொடுத்தேன்.
ஓடிபி அன்று அவர் போனுக்கு வரவில்லை.
டவர் இல்லை, இருட்டிவேறு விட்டது.
என் நம்பரிலேயே கணக்கைத் தொடங்கினேன்,
அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று.
அப்புறம் என்பது என் தொழிலில்
முடியாத ஒரு பருவம்.

"எல்லாம் க்ளவுடுல இருக்குங்க" என்றேன்.
வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்.
"இந்தப் பக்கம் அதெல்லாம் நிக்காதேப்பா."

ஒவ்வொரு சுவிட்சுக்கும் பேர் கேட்கும் ஆப்.
ஹால், சமையல், கீசர், வாசல்.
மாடி அறைக்கு "ஸ்டோர்" என்றார் அவர்.
படியில் நின்ற சுகந்தா
"என் ரூம்னு போடுங்க" என்றார்.
அப்படியே அடித்தேன்.

அதனால்தான் இப்போதும்
தருமபுரி நாலு ரோட்டில் டீ குடிக்கையில்
சட்டைப் பையில் அதிர்ந்து சொல்கிறது போன்:
என் ரூம் எரிகிறது.

விடிகாலை இரண்டு நாற்பது, கீசர்.
மூன்று ஐந்துக்கு வாசல் விளக்கு அணையும்;
மண்டிக்குக் கிளம்பிவிட்டார்.
மூன்று பத்துக்கு என் ரூம்,
ஃபேன் இரண்டில்,
ஐந்தே கால் வரை.

தையலா, படிப்பா,
சும்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதா?
கேட்க முடியாது.
கேட்டால், உனக்கெப்படித் தெரியும் என்பார்கள்.

பென்னாகரம் ரோட்டில் என் வாடகை அறை.
அங்கே டியூப்லைட்டை
ஸ்டார்ட்டரைத் திருகித்தான் எழுப்பவேண்டும்.
கீழே படுத்துக்கொண்டு
இன்னொரு வீட்டின் வெளிச்சத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு.
காலை ஆறிலிருந்து கீசர் ஓடுகிறது.
ஏழு. எட்டரை.
வேறு எதுவும் அசையவில்லை வீட்டில்.
கல்யாணம் காட்சி என்று போயிருப்பார்கள்.
காரிமங்கலத்தில் ஏணி மேல் நின்று
டெஸ்டரைப் பல்லில் கடித்தபடி அணைத்தேன்.
எந்த நாட்டுக்குப் போய்த் திரும்பியதோ என் விரல்,
முக்கால் நொடியில் ராயக்கோட்டையில் ஒரு 'டிக்'.
எனக்குக் கேட்டிருக்க நியாயமில்லை.
கேட்டது.

மறுநாள் தீர்த்தகிரி கூப்பிட்டார்.
"மறந்துட்டுப் போயிட்டோம் தம்பி, அதுவா அணைஞ்சிருக்கு.
நல்ல பொருளாத்தான் போட்டிருக்கே."
இன்னும் ரெண்டு வீட்டு நம்பர் கொடுத்தார்.
ஆமாங்க, ஆட்டோ கட் ஆஃப் என்றேன்.
பின்னால் எங்கோ சுகந்தா:
"அதுவா எப்படிங்க அணையும்?"

அன்று முழுக்க எந்த ஒயரைத் தொடவும் பயம்,
மெயினை அணைத்த பிறகும்.

அந்த இரவு மூன்று பத்துக்குப் போன் அதிரவில்லை.
மூன்றரைக்கும் இல்லை.
மறுநாளும் இல்லை.
இருட்டில் படுத்திருந்தாரா,
மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டாரா,
எனக்குத் தெரியாதபடி.

புதன்கிழமை, மழை பிடிக்கப் பார்த்த சாயங்காலம்,
பைக்கில் போனேன்.
"யார் நம்பருக்குங்க மாத்தணும்?"
தீர்த்தகிரி கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்குவதற்குள்
சுகந்தா தன் நம்பரைச் சொல்லிவிட்டார்.
ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார்,
போனைப் பார்த்தபடி, என்னைப் பார்க்காமல்.
கடைசி எண் தப்பாகிவிடக்கூடாதா என்று
ஒரு கணம் நினைத்தேன்.
சரியாகவே இருந்தது.

"ஸ்வெட்டர் போட்டுட்டு வந்திருக்கலாமில்ல" என்றார்,
வண்டியை எடுக்கும்போது.
அதற்கு என்ன அர்த்தம் என்று
பாலக்கோடு வரை யோசித்தேன்.

இப்போது அந்த ஆப்பைத் திறந்தால்
சாதனங்கள் ஏதுமில்லை என்கிறது.

மூன்று பத்துக்கு மட்டும் விழிப்பு வருகிறது.
எழுந்து ஸ்டார்ட்டரைத் திருகுகிறேன்.
இரண்டு தடவை சிமிட்டுகிறது,
யோசிக்கிறது,
என் ரூம் எரிகிறது.