டயர் அளவு

பாகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
கோழித்தீவனம் விற்கும் கடையின் மேல்மாடி.
ஒரு மேசை, ஒரு கணினி,
இறக்கை வளைந்த ஒரு விசிறி.
இதுதான் சங்கம். நான்தான் செயலாளர்.

முதல் கடிதத்தைத் தலைவர் சொல்லச் சொல்ல அடித்தேன்.
'பெருமதிப்பிற்குரிய' என்று கிளம்பியது.
சங்கத்தின் தோற்றம், வளர்ச்சி,
எட்டு நிர்வாகிகளின் பெயரும் பட்டமும் தாண்டி
நான்காம் பத்தியில் சிறுநீரகம் வந்து சேர்ந்தது.
வேன் வரவே இல்லை.
முடிவில், 'தங்களால் இயன்ற ஆதரவு'.
இருநூற்றுப் பதினான்கு முகவரிக்கு
ஒரே தட்டு.

பதினேழு திரும்பி வந்தன, அப்படி யாருமில்லை என்று.
ஒன்று உடனே நன்றி சொன்னது;
அது இயந்திரம்.
மற்றதெல்லாம்
செம்பனைக்குள் நின்று கூப்பிட்ட பெயர்.

சிவபாக்கியத்துக்குத் திங்கள், புதன், வெள்ளி.
என்னோடு ஐந்தாம் வகுப்பு படித்தவள்.
விடியுமுன் நாலரைக்கு
தோட்டத்து முச்சந்தியில் நிற்பாள்,
இடது கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு.
வேன் ஓடாத ஒரு புதன்கிழமை
நாலு மணி நேரம் ரத்தம் கழுவியவளை
மருமகன் மோட்டாரில் ஏற்றி
துப்பட்டாவால் தன் இடுப்போடு கட்டிக்கொண்டு
சிரம்பானிலிருந்து
புக்கிட் புத்துஸ் வளைவெல்லாம் இறங்கி வந்தான்.

இதை எழுதினேன்.
படிப்பவர் அழவேண்டும் என்றே எழுதினேன்.
படமும் எடுத்தேன்: ஊசித் தழும்பு,
பாம்புபோல் புடைத்த நரம்பு.
அனுப்புமுன் அவளிடம் காட்டினேன்.

"என் கையக் காட்டித்தான் டயர் வாங்கணுமா?"
கோபமில்லை. சும்மா கேட்டாள்.
"டயரக் காட்டேன்."

டயர் கம்பெனியில்
கருணைக்கென்று ஒரு பிரிவு கிடையாது.
கிடங்கு உண்டு. கிடங்குக்கு ஒரு ஆள் உண்டு.
அந்த ஆளுக்குப் பெயர் உண்டு என்று கண்டுபிடிக்க
மூன்று நாள், ஆறு போன்கால்.

புவான் நோராய்னி,
என்னை உங்களுக்குத் தெரியாது.
பாகாவிலிருந்து எழுதுகிறேன்.
எங்கள் வேன் ஆறு பேரை
ரத்தச் சுத்திகரிப்புக்கு ஏற்றிப்போகிறது,
வாரம் மூன்று நாள், மலைச்சாலையில்.
நான்கு டயரும் வழுக்கை. படம் இணைத்திருக்கிறேன்.
நான்கு டயர் வேண்டும்.
முடியாதென்றால் முடியாதென்று
ஒரு வரி போடுங்கள், வேறு இடம் கேட்கிறேன்.

மலாயில் எழுதினேன்.
அதில் எனக்கு அடுக்குமொழி வராது.
நல்லதாகப் போயிற்று.

"வரலாறு எங்கம்மா?" என்றார் தலைவர்.
"என் பேருக்குக் கீழ, சின்ன எழுத்துல.
வேணுங்கிறவங்க தேடுவாங்க."
மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

ஒன்பது நாள் ஒன்றுமில்லை.
பத்தாம் நாள் இரண்டு வரி அனுப்பினேன்:
நேற்று பின்பக்க இடது டயர் வெடித்தது.
யாருக்கும் ஒன்றுமில்லை.

மாலை ஆறே காலுக்குப் பதில்.
வணக்கம் இல்லை, நலமா இல்லை.

டயர் அளவு என்ன?

இத்தனை வெட்டி, இத்தனை திருத்தி,
இதை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

படியில் தடதடவென்று இறங்கினேன்.
மழை.
டிரைவர் அந்தோணிசாமி வேனடியில் குந்தி
கைபேசி வெளிச்சத்தில்
கட்டைவிரலால் செம்மண்ணைத் தேய்க்கிறார்.
நடுவில் பொட்டுக் கோடுகூட மிச்சமில்லை.
ஓரத்தில் மட்டும்
எண், நேற்று வார்த்ததுபோல்.

"நூத்தித் தொண்ணூத்தஞ்சு," என்கிறார்,
"ஆர்... இரு, இரு, பதினஞ்சு,
பக்கத்துல ஒரு சி."

திரையில் மழை விழுந்து
ஒவ்வொரு எண்ணும் இரண்டு முறை பதிகிறது.
அழித்து,
திரும்ப அடிக்கிறேன்.