மூன்றரைத் தொன்

வாகனப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது:
மூன்றரைத் தொன், அதற்குமேல் ஒரு கிலோவும் ஆகாது.
தண்ணீர் நூறு லீற்றர், காஸ் சிலிண்டர் இரண்டு,
நான் அறுபத்தெட்டு, ஜெகசோதி தொண்ணூறு
(எண்பத்தைந்து என்பார்; தராசு அவரை நம்பவில்லை).
மிச்சத்தில் சட்டி, போர்வை, அரிசி.
படத்துக்கும் பாட்டுக்கும்
கட்டிலின் கீழே வாழைப்பழம் வந்த பெட்டி ஒன்று.
அவ்வளவுதான்.

ஹாகன் நகரில், மூன்றாம் மாடியில்,
முப்பத்தொரு வருடம் சுவரை மறைத்து நின்றதெல்லாம்
இப்போது நிலத்தில்.
கசெற் நானூற்றுச் சொச்சம்.
ஒன்றில் மூன்று படம் அடைத்த டிவிடிகள்.
திரையின் குறுக்கே கடைக்காரரின் தொலைபேசி எண்
எறும்பு மாதிரி ஊர்ந்து போகும்.
கதாநாயகி அழுகிற இடத்தில்தான்
அது அவள் மூக்கைக் கடக்கும்.
அழவிடாத எண். இன்றைக்கும் எனக்குப் பாடம்.

சனிச்சந்தையில் விரித்துப் பார்த்தோம்.
தாடிக்காரப் பெடியன் ஒருவன்
கசெற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
இது என்ன மொழி என்றான்.
சொன்னேன்.
எழுத்து வடிவாயிருக்கு என்று
ஐம்பது சதத்துக்கு ஒன்று வாங்கினான்.
போட்டுக் கேட்க அவனிடம் றேடியோ இல்லையாம்.
மழை வந்தது. மூடிக்கொண்டு வந்தோம்.

மகள் அபிரா எல்லாவற்றையும்
சவர்க்காரக் கட்டியளவு கறுப்புப் பெட்டியில் ஏற்றித் தந்தாள்.
"எல்லாம் இதுக்குள்ள இருக்கம்மா."
இருக்கும்.
காதோடு வைத்துக் குலுக்கிப் பார்த்தேன்.

உறைகளைப் பிறகுதான் கவனித்தேன்.
ஜெகசோதியின் கோழிக்கிளறல் எழுத்து:
"2004 மாசி. இரவு வேலை. இடைவேளையோடு நித்திரை."
"பிள்ளைக்குக் காய்ச்சல். சண்டைக்கு முன்னம் நிப்பாட்டினது."
"மாமி வந்திட்டா."
"2009 சித்திரை. ரெலிபோன் வந்தது. பிறகு பார்க்கேல்லை."
அதை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

பிடித்ததை எடு என்றார்.
பிடித்ததெல்லாம் வசனம் வசனமாக வரும்,
உருளைக்கிழங்கு உரிக்கும்போதே ஓடும்.
அதுக்கேன் பெட்டி?
முடிவு தெரியாததை மட்டும் பொறுக்கினேன்.
நாற்பத்தாறு.
மணவறை வரை வந்து நின்ற கல்யாணங்கள்,
நீதிபதி இன்னும் வாய்திறக்காத வழக்குகள்,
ஒரு கார், மலைவளைவில், பிரேக் இல்லாமல்.

"நல்ல படம் ஒண்டும் இல்லையே இதில."
பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்.
நாலரைக் கிலோ.
உங்கட வயிற்றில் குறையுங்கோ என்றேன்.

மீதியைக் கழிவு நிலையத்துக்கு ஏற்றினோம்.
செம்மஞ்சள் உடுப்புக்காரர்
தட்டுக்கு அந்தத் தொட்டி, கடதாசிக்கு இது என்றார்.
கசெற்றைக் கண்டு யோசித்தார்.
ஐயா, நாங்களும் ஒரு மாதமாய் யோசிக்கிறோம்.

கவிழ்த்து வைத்ததைக் கடைசியில்
அவர்தான் பெட்டிக்குள் செருகினார்.
நான் யன்னல் பூட்டுகிற மாதிரி நின்றேன்.

பாட்டு ஒன்றும் கொண்டுவரவில்லை.
வானின் றேடியோவுக்குள்
முன்னைய சொந்தக்காரரின் தட்டு இறுகி நிற்கிறது.
அக்கோடியன். கப்பல்காரர் கூட்டமாய்ப் பாடுகினம்.
வெளியே எடுக்க ஏலாது.
கொப்லென்ஸ் வருமுன்னமே ஜெகசோதி
மூன்றாம் பாட்டுக்கு ஸ்ரேறிங்கில் தாளம் போடத் தொடங்கிவிட்டார்.

மோசல் ஆற்றங்கரையில், திராட்சைச் சரிவின் கீழே
முதல் இரவு.
கையகலத் திரையில் 2004 மாசியைப் போட்டோம்,
இடைவேளைக்குப் பிறகிருந்து.
"இவன் ஆர்?"
"தம்பி."
"தம்பி ஒருத்தன் இருந்தவனோ?"
இருவருக்கும் ஞாபகமில்லை.
முதலிலிருந்து போட்டோம்.

இடைவேளையோடு அவருக்குக் குறட்டை.
வெளியே சரக்குப்படகு ஒன்று
விளக்கோடு மெல்லப் போனது.
நான் உறையை எடுத்து, பேனை தேடி,
பழைய வரிக்குக் கீழே
திகதியை மட்டும் எழுதினேன்.