முக்காலிக்குப் பச்சை அட்டை

சோஹார் துறைமுகத்தில் சாரம் சோதிப்பது என் வேலை.
அடித்தட்டு மண்ணில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா,
கப்ளர் இறுகியிருக்கிறதா,
பலகையில் பிளவு உண்டா.
சரியென்றால் பச்சை அட்டை தொங்கும்,
இல்லையென்றால் சிவப்பு.
பதினோரு வருடத்தில் என் பச்சையை நம்பி ஏறியவன்
ஒருவனும் விழவில்லை.

அதனால்தான் கடைக்கார நாசருதீன்
ஐந்தரை அடி டிரைபாடை விரித்து நிறுத்தியதும்
காலைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினேன்.
நடுத்தண்டு அவரைக்கொடிபோல நடுங்கிற்று.
'இருபத்திரண்டு ரியால், உங்களுக்கு இருபது.'
'சிவப்பு' என்றேன்.
'கறுப்பு மட்டும்தான் இருக்கு' என்றார்.

எனக்கு உயரம் எதற்கு?
நான் எடுக்கப்போவது கணுக்காலுக்குக் கீழே வாழ்வதை.
கேம்ப்பின் பின்சுவர்;
ஏசிகள் சொட்டும் ஈரத்துக்கு இரண்டடி தள்ளி
உலர்ந்த பொடிமணலில் புனல் புனலாய்க் குழியானைகள்.
போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை
கொடியிலிருந்து விழுந்த கிளிப்பைத் தேடிக் குனிந்தவன்
முக்கால் மணி நேரம் நிமிரவில்லை.
மணல் எந்தக் கோணம்வரை நிற்குமோ
அந்தக் கோணத்தில் சரிவு.
ஒரு டிகிரி கூடினால் உதிரும்.
புளியங்கொட்டை அளவுகூட இல்லாத யானை,
பின்பக்கமாகவே நடந்து, தலையால் வாரி எறிந்து
கட்டிய கட்டுமானம்.

கடைசியில் வாங்கியது நடுத்தண்டில்லாத குட்டை டிரைபாட்.
மூன்று கால்களும் தரையோடு படுக்கும்.
அதன் காலுக்கடியில் வைக்க
கழித்துப்போட்ட சாரப்பலகையில் மூன்று துண்டு அறுத்தேன்.
மணல்மேல் நிற்கிற எதற்கும் அடிப்பலகை வேண்டும்,
இது யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெளிச்சம்தான் தெரியாத வித்தை.
அத்தனை நெருக்கத்தில்
கொம்பு தெளிந்தால் கண் மங்குகிறது,
இரண்டும் தெளிய லென்ஸின் துளையைச் சுருக்கினால்
படம் முழுக்க இருட்டு.
பல் அடைக்கப் போன இடத்தில்
டாக்டர் ஷம்ஸாவின் கேமராவைப் பார்த்தேன்.
லென்ஸைச் சுற்றி வளையமாய் ஒரு விளக்கு.
வாயைத் திறந்தபடியே விலை கேட்டேன்.
அவருக்குப் புரிந்தது, பல் டாக்டர் அல்லவா.
'பல்லுக்கு நல்லது. நிழலே விழாது.
உனக்கு எதைப் பிடிக்கணும்?'

மரத்துப்போன உதட்டோடு பஸ்ஸில் வரும்போது யோசித்தேன்.
நிழல் விழாத குழி குழியில்லை,
மணலில் ஒரு வட்டக் கறை.

ஆகவே பழைய ஃபிளாஷ் ஒன்று, எட்டு ரியால்,
பக்கவாட்டில் பிடிக்க நீளமாய் ஒரு சுருள் ஒயர்.
ஒளி சுள்ளென்று அடிக்காமலிருக்க
பிரியாணி வந்த தெர்மாகோல் பெட்டியின் மூடி,
ஒரு மூலையில் மஞ்சள் கறையோடு.
அறைத்தோழன் மரியசூசை மோந்து பார்த்துவிட்டு
'எறும்பு தானா வரும்' என்றான்.

இன்று காலை ஐந்தே முக்கால்.
டிரைபாடை வைத்தேன்.
மூன்றாவது பலகை ஒரு குழியின் விளிம்பை உடைத்தது.
ஒரு ராத்திரி வேலை, சரசரவென்று உள்ளே போயிற்று.
மன்னிப்பு கேட்கத் தெரியாமல்
டிரைபாடை மடக்கிச் சுவரில் சாய்த்தேன்.
பழைய கவராலின் ஒரு காலை வெட்டி
இரண்டு கிலோ பச்சரிசி கொட்டி இரு முனையும் கட்டி
அதன்மேல் கேமராவை அமுக்கி வைத்து
குப்புறப் படுத்தேன்.
ஆடவில்லை.
இதற்குக் கொடுக்கலாம் பச்சை.

வலது கை பட்டனில்,
இடது கையில் ஃபிளாஷும் மூடியும்.
அடுத்த குழியின் விளிம்பில் ஒரு சிற்றெறும்பு
வந்தது, நின்றது,
முன்காலால் மணலைத் தட்டிப் பார்த்தது,
ஒரு பலகையை நான் தட்டிப் பார்ப்பதுபோலவே.
இரண்டு மணல் உருண்டன.
காலை இழுத்துக்கொண்டது.

விழு, என்றேன்.

சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும்.
மேலே ஜன்னலைத் திறந்து
'யாரு, யாரு விழுந்தது?' என்கிறான் மரியசூசை.